மேல்படுக்கை

எங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒரு மாடிப்படி இருக்கிறது.
நான்கு படி ஏறினால் மேடை,
நான்கு படி இறங்கினால் அதே தரை.
எங்கேயும் போய்ச் சேராத படி.
சோஹாருக்கு வந்து ஆறு வருஷம்,
அதன் கைப்பிடியோரம் நின்றுதான் வைத்தியம் பார்க்கிறேன்.

"இதுக்கு எதுக்கு எம்.டி.?" என்றார்
கலந்தாய்வு மண்டபத்து வாசலில் மாமா.
திரையில் கதிரியக்கம் இரண்டும் தோல் ஒன்றும்
இன்னும் காலியாக மின்னிக்கொண்டிருந்தன.
"கை கால் பிடிச்சு விடறதுக்கா?"
நான் வாய் திறக்கவில்லை.
என் பதில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது.

பயிற்சி மருத்துவ வருஷம், எலும்பு வார்டு.
தண்ணீர் லாரி மோதியவர்.
எக்ஸ்ரேயில் தகடும் திருகும் கச்சிதம்.
'நிலைமை: நலம்' என்று எழுதியது என் கைதான்.
இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் அவருக்குத் தெரியாது.
ஆட்டோவுக்குள் அவரைச் சாய்த்து நுழைக்கையில்
மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"பெறவு?"

அந்த ஒரு சொல்லுக்கு
அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில்
ஒரே ஓர் அறைதான் இருந்தது,
சலவைக் கூடத்துக்குப் பின்னால்,
சக்கரம் கழன்ற நாற்காலி வாசல் காக்க.

இங்கே முதல் கேள்வி "எங்கே வலி?" அல்ல,
"என்ன செய்யணும் உங்களுக்கு?"
படிவத்தில் அதற்கு ஒன்றரை வரி இடம்.

ஷம்ஸா சொன்னது ஒன்றரை வரிக்குள் அடங்கியது:
இடக்கையில் தல்லா, வலக்கையில் கோப்பை,
வீட்டுக்கு வந்தவருக்கு நான்தான் கஹ்வா ஊற்றணும்.
பக்கவாதம் தொட்டது அந்த இடக்கையை.
வெறும் தல்லாவில் தொடங்கினோம்,
அப்புறம் தண்ணீர்,
பதினோராவது வாரம் கொதிக்கக் கொதிக்க.
முதல் கோப்பையில் பாதி என் வெள்ளைக் கோட்டுக்கு.
ஏலக்காய் இரண்டு சலவைக்கும் போகவில்லை.

பால்வண்ணன் எதுவும் சொல்லவில்லை.
முப்பத்தொரு வயது. சாரம் கட்டுகிறவர்,
சாரத்தோடு சரிந்தவர்.
முழங்கால் தொண்ணூறு பாகையில் முரண்டு பிடித்தது.
மூன்றாம் நாள்தான், ரோவேனா அந்தப் பக்கம் போனதும்,
"மேல்கட்டில்ல ஏறணும் மேடம்."

ஃபலஜ் பக்கத்துக் கேம்ப், அறைக்கு எட்டுப் பேர்.
கீழே படுக்கும் நேபாளி இடம் மாற்றத் தயார்தான்.
ஆனால் ஏசி காற்று நேரே விழுவது மேலே.
ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு
மகளோடு ரகசியம் பேச முடிவது மேலே.

அறைக்காரர்கள் அளந்து அனுப்பினார்கள்:
கம்பிக்கும் கம்பிக்கும் பதிமூன்று அங்குலம்,
செங்குத்து, கட்டைவிரல் பருமன்.
எங்கள் படியோ ஆறு அங்குலம்,
ரப்பர் விரித்தது.

"டாக்டர், கட்டில் உபகரணப் பட்டியலில் வராதே,"
என்றார் ஸ்டோர் சாலிம்.
எழுதிக் கொடுத்தேன்:
இரட்டைக் கட்டில், இரும்பு, ஒன்று. நோக்கம்: வீடு.
சிரித்தார். ஒரு மாதம் கழித்து வந்தது,
துருவும் ஸ்டிக்கரும் அப்படியே.

அதற்குள் காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள்,
'நடக்கிறார் அல்லவா?'
நடக்கிறார் என்றேன். ஏறவில்லை என்றேன்.
எட்டு அமர்வு கேட்டேன். ஐந்து கிடைத்தது.

முழங்கால் நூற்று நான்கில் நின்றுவிட்டது,
அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் வழியில்லை.
ஆகவே பக்கவாட்டில் ஏறினார்,
முழங்கையைக் கம்பியில் கொக்கி போட்டு,
நல்ல காலை முன்னே அனுப்பி,
கெட்ட காலை அதட்டி இழுத்து.
எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஏற்றம்.
கடைசிக் கம்பியில் அவர் சொன்ன வார்த்தையை
ரோவேனாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

மேலே போய்ப் படுத்துவிட்டார்.
டியூப் லைட் முகத்துக்கு நேரே.
கீழே அடுத்த நோயாளி கைக்கடிகாரத்தைப் பார்க்க,
"ஒரு போன் பண்ணிக்கவா மேடம்?" என்று
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் காத்திருந்தோம்.
இறங்குவதற்கு
இன்னும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.